கையும் கருத்தும் இணைந்த கல்வி: புக்கர் வாஷிங்டன் வாழ்வும் பணியும்

பட்டம் பெறுவது வேறு. பணிக்குத் தகுதி பெறுவது வேறு. இரண்டும் ஒன்றெனக் கருதியே நம் மாணவர் பலர் கல்லூரி வாயிலைக் கடந்து செல்கின்றனர். ஓரிரு ஆண்டுகள் விண்ணப்பங்கள் எழுதிக் களைத்த பின்னரே அவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை அவர்கள் உணர்கின்றனர். மூன்றாண்டு முயன்று படித்த மகன் வீட்டில் வாளாவிருப்பதைக் காணும் பெற்றோர், இத்தனை படித்து என்ன பயன் என்று வினவத் தொடங்கிவிடுகின்றனர். இலக்கியம் பயிலும் மாணவரை நோக்கி இவ்வினா இன்னும் கூர்மையாகவே எழுப்பப்படுகின்றது. அதற்கு விடை காணும் கடமை மாணவர்க்கு மட்டுமன்றி, ஆசிரியராகிய நமக்கும் சமுதாயப் பெரியவர்களுக்கும் உண்டு.

நம்மினும் பன்மடங்கு இடருற்ற ஒரு சமுதாயத்தின் நடுவில் நின்று, நூறாண்டுகளுக்கும் முன்பே இவ்வினாவை எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. அவர் அடிமையாகப் பிறந்தவர். உப்பு உலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்து வளர்ந்தவர். கையில் பொருளின்றி ஒரு கல்விக் கூடத்தை எழுப்பியவர். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்வி வரலாற்றில் நீங்கா இடம் பெற்ற புக்கர் டி. வாஷிங்டன் என்பாரே அவர். அவர்தம் வாழ்வு நமக்குத் தரும் படிப்பினைகளையும், அவ்வாழ்வைக் குறித்து எழுந்த மாறுபட்ட கருத்துகளையும் இக்கட்டுரையில் ஒருங்கே நோக்குவோம்.

நானூறு டாலர் விலை

வர்ஜீனியா மாநிலத்தின் பிராங்க்ளின் மாவட்டத்தில், ஜேம்ஸ் பரோஸ் என்பாரின் பண்ணையில் 1856ஆம் ஆண்டில் புக்கர் பிறந்தார். தாய் ஜேன் அப்பண்ணையின் சமையற்காரி. தந்தை ஒரு வெள்ளையர் என்பதன்றி வேறெதுவும் புக்கருக்குத் தெரியாது. பண்ணையின் சமையற்குடிசையே அவர்களுடைய வீடு. தரை வெறும் மண். அதன் நடுவே வள்ளிக்கிழங்குகளைக் குளிர்காலத்தில் காப்பதற்கென ஒரு பள்ளம். மேலே பலகை மூடி. குடும்பத்தார் ஓரிடத்தில் ஒன்றாக அமர்ந்து உண்ணும் வழக்கமே அங்கு இருந்ததில்லை.

1861ஆம் ஆண்டில் பண்ணையின் உடைமைகளுக்கு மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. அதில் புக்கர் என்னும் சிறுவனின் விலை 400 டாலர் என்று குறிக்கப்பட்டுள்ளது. எழுத்தறியாத அச்சிறுவன் தன் பெயர் ஏட்டில் ஏறியதை அறிந்திருக்க வழியில்லை. அடிமைக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டமே தடுத்திருந்த காலம் அது. உரிமையாளரின் மகள் பள்ளிக்குச் செல்லும்போது அவளுடைய புத்தகங்களைச் சுமந்து செல்வான் புக்கர். பள்ளி வாயிலோடு அவனுடைய எல்லை முடிந்துவிடும். உள்ளே சிறுவர் சிறுமியர் அமர்ந்து படிக்கும் காட்சி அவனுக்குச் சுவர்க்கமாகவே தோன்றியது.

பதினெட்டு என்னும் எண்

1865ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் முடிந்தது; அடிமைகள் விடுதலை பெற்றனர். ஜேன் தம் மக்களை அழைத்துக்கொண்டு, மேற்கு வர்ஜீனியாவின் மால்டன் என்னும் சிற்றூரில் இருந்த கணவரிடம் சென்றார். மாற்றாந்தந்தை அங்கு உப்புக் காய்ச்சும் உலையில் பணியாற்றி வந்தார். சிறுவர்களும் விரைவில் அவ்வேலைக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு தொழிலாளியும் நிரப்பும் பீப்பாயின் மீது அவருக்குரிய எண் பொறிக்கப்படும். மாற்றாந்தந்தைக்கு உரிய எண் 18. புக்கர் முதன்முதலில் கற்ற குறியீடு அதுவே. எழுத்துகள் எவற்றையும் அறியுமுன் அவர் தொழிற்சாலைப் பீப்பாயின் மீது ஓர் எண்ணைக் கற்றார் என்பது, பின்னாளில் அவர் வகுத்த கல்வி முறைக்கு முன்னறிவிப்புப் போல அமைந்துவிட்டது.

மகனின் ஆர்வத்தைக் கண்ட தாய், தாம் எழுத்தறியாதவராயினும், எப்படியோ ஓர் எழுத்துப் பயிற்சி நூலைத் தேடிக் கொணர்ந்தார். சில காலத்தில் மால்டனில் கறுப்பினச் சிறார்க்குப் பள்ளி ஒன்று தோன்றியது. அரசு தந்த பள்ளியன்று அது. அவ்வூர்க் குடும்பங்கள் மாதந்தோறும் பணம் திரட்டி ஆசிரியருக்கு ஊதியம் அளித்தன. முறைவைத்து அவருக்கு உணவும் உறைவிடமும் தந்தன. நேற்றுவரை அடிமைகளாக இருந்தோர், கூலி பெற்ற முதல் ஆண்டுகளிலேயே தம் பிள்ளைகளின் கல்விக்குப் பங்களித்தனர் என்பதை நம் சமுதாயப் பெரியோர் நினைவிற்கொள்ளல் தகும்.

எனினும் மகனின் கூலியை இழக்கத் தந்தை இசையவில்லை. ஆகவே புக்கர் முதலில் இரவில் கற்றார். பின்னர், விடியலில் தொடங்கி ஒன்பது மணிவரை வேலை, அதன்பின் பள்ளி, மாலையில் மீண்டும் இரண்டு மணி நேர வேலை என்னும் ஏற்பாட்டுடன் பகற்பள்ளியில் சேர்ந்தார். வருகைப் பதிவேட்டில் எல்லாச் சிறாருக்கும் இரண்டு பெயர்கள் இருப்பதைக் கண்டு, தமக்கும் ஒன்று வேண்டுமென எண்ணி, வாஷிங்டன் என்று தாமே கூறிக்கொண்டார். அப்பெயரே நிலைத்தது. சில காலம் நிலக்கரிச் சுரங்கத்தின் இருளிலும் அவர் உழைத்தார்.

அடுத்து வந்த பணி அவருடைய வாழ்வைத் திருப்பியது. உலைக்கும் சுரங்கத்திற்கும் உரிமையாளரான லூயிஸ் ரஃப்னரின் மனைவி வயோலா ரஃப்னர் மிகுந்த கண்டிப்பு உடையவர். அவரிடம் வேலைக்குச் செல்லும் சிறுவர் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நிலைப்பதில்லை. மாதம் 5 டாலர் ஊதியத்தில் புக்கர் அங்குச் சேர்ந்தார். எவ்விடத்திலும் தூய்மை, எச்செயலிலும் ஒழுங்கு, குறித்த நேரத்தில் முடித்தல், ஒளிவுமறைவற்ற நேர்மை ஆகியவற்றையே அவ்வம்மையார் எதிர்பார்த்தார். தப்பி ஓடாது அவற்றைக் கற்றுக்கொண்ட புக்கர், அவ்வில்லத்தில் பெற்ற பயிற்சி தமக்குக் கிடைத்த எக்கல்விக்கும் குறைந்ததன்று எனப் பிற்காலத்தில் மதிப்பிட்டார்.

துடைப்பமே தேர்வுத்தாள்

சுரங்கத்தில் பணியாற்றியபோது, இருவர் பேசிக்கொண்டதன் வாயிலாக ஹாம்ப்டன் என்னும் கல்வி நிலையத்தைப் பற்றி அவர் அறிந்திருந்தார். உள்நாட்டுப் போரில் படைத்தலைவராக விளங்கிய சாமுவேல் ஆம்ஸ்ட்ராங், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கென 1868ஆம் ஆண்டில் நிறுவியது அது. வறிய மாணவர் வேலை செய்தே உணவுச் செலவை ஈடுகட்டலாம். கூடவே தொழிலும் கற்கலாம்.

1872ஆம் ஆண்டில், 16 வயதில், ஏறத்தாழ 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டனை நோக்கிப் புக்கர் புறப்பட்டார். வழியில் கைப்பொருள் தீர்ந்தது. ரிச்மண்ட் நகரில் பலகைகளால் உயர்த்திக் கட்டப்பட்டிருந்த நடைபாதையின் அடியில் படுத்து உறங்கினார். பகலில் கப்பலிலிருந்து இரும்புப் பாளங்களை இறக்கிக் கூலி பெற்றார். ஹாம்ப்டனை அடைந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தது 50 சென்ட் மட்டுமே.

குளியலும் மாற்றுடையும் இன்றி வந்து நின்ற இளைஞரைத் தலைமை ஆசிரியை மேரி மேக்கி உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. பல மணி நேரம் காத்திருக்கச் செய்தபின், அடுத்திருந்த வகுப்பறையைப் பெருக்குமாறு பணித்தார். புக்கர் அவ்வறையை மூன்று முறை பெருக்கினார். நான்கு முறை துணிகொண்டு துடைத்தார். மேசை நாற்காலிகளை நகர்த்தி மூலை முடுக்குகளையும் தூய்மை செய்தார். ஆசிரியை வந்து, தம் கைக்குட்டையால் சுவரையும் பலகைகளையும் தேய்த்துப் பார்த்தார், தூசி ஒட்டவில்லை. சேர்க்கை கிடைத்தது. வாயிற்காவலும் அறைகளைத் தூய்மை செய்யும் பணியும் அவருக்கு அளிக்கப்பட்டன. ரஃப்னர் அம்மையார் இல்லத்தில் பழகிய துடைப்பம் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டது.

குறித்த நேரத்தில் உண்பது, நாள்தோறும் குளிப்பது, பல்துலக்கியைப் பயன்படுத்துவது ஆகியவற்றை அவர் ஹாம்ப்டனிலேயே கற்றார். படுக்கையில் விரித்திருந்த இரண்டு விரிப்புகளைக் கண்டு குழம்பி, முதல் இரவு இரண்டின் கீழும் இரண்டாம் இரவு இரண்டின் மேலும் உறங்கி, உடனிருந்தோரைக் கவனித்த பின்னரே இடையில் உறங்க அறிந்தார் என்பது அவர்தம் தன்வரலாறு தரும் செய்தி. அறியாமை இழிவன்று, கவனித்துக் கற்காமையே இழிவு என்பதை இச்சிறு நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. நத்தலி லார்ட் என்னும் ஆசிரியை, மூச்சை அடக்கி ஆளுதல், சொல்லைத் தெளிவாக ஒலித்தல், அழுத்தமறிந்து பேசுதல் ஆகியவற்றை அவருக்குத் தனியே பயிற்றுவித்தார். பிற்காலத்தில் பல்லாயிரவர் முன் அவர் ஆற்றிய உரைகளுக்கு அப்பயிற்சியே அடித்தளம்.

1875ஆம் ஆண்டில் தேறி, மால்டனில் ஆசிரியரானார். 1879ஆம் ஆண்டில் ஹாம்ப்டனுக்கே ஆசிரியராகத் திரும்பினார். அங்கு அவர் பொறுப்பேற்ற இரவுப் பள்ளி குறிப்பிடத்தக்கது. பகலில் பத்து மணி நேரம் உழைப்பு. இரவில் இரண்டு மணி நேரம் படிப்பு. உழைப்பின் ஊதியத்தில் பெரும்பகுதி அடுத்த ஆண்டுப் பகற்படிப்பிற்காகச் சேமித்து வைக்கப்படும். பன்னிருவருடன் தொடங்கிய அவ்வகுப்பு சில வாரங்களில் இருபத்தைந்து பேராகப் பெருகியது. கட்டணம் செலுத்த இயலாதவர்க்குக் கல்வியை இரவலாகத் தராமல், ஈட்டும் வழியோடு தந்த ஏற்பாடு அது.

டஸ்கீகியின் தொடக்கம்

அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரில் கறுப்பின ஆசிரியர்க்கான பயிற்சிப் பள்ளி ஒன்று அமைவதற்கு இருவர் முன்னின்றனர். ஒருவர் முன்னாள் அடிமையும் தகரவேலை, செருப்புத் தைத்தல், சேணம் தைத்தல் ஆகியவற்றில் வல்லவருமான லூயிஸ் ஆடம்ஸ். மற்றவர் அடிமைகளை உடையவராக இருந்த வணிகர் ஜார்ஜ் கேம்ப்பெல். மாநில அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. ஆசிரியர் ஊதியம் தவிர வேறெதற்கும் அதனைச் செலவிடலாகாது. நிலமில்லை, கட்டடமில்லை. அங்குத் தலைமை ஏற்க 25 வயதான வாஷிங்டனை ஆம்ஸ்ட்ராங் அனுப்பி வைத்தார்.

பள்ளியைத் திறக்குமுன் அவர் செய்த முதற்பணி ஊர் ஊராகச் சென்று மக்களின் வாழ்க்கையைக் கண்டறிந்ததே. ஒரு குடிசையில் 60 டாலர் விலையுள்ள இசைப்பெட்டியைத் தவணையில் வாங்கியிருந்தனர். உணவு மேசையிலோ அவரையும் சேர்த்து ஐவருக்கும் ஒரே ஒரு முட்கரண்டிதான் இருந்தது. வேறொரு குடிசையில், உடையில் அழுக்கும் முற்றத்தில் களையும் மண்டியிருக்க, இளைஞர் ஒருவர் பிரெஞ்சு இலக்கண நூலைப் பயின்றுகொண்டிருந்தார். இக்காட்சிகள் வாஷிங்டனை வருத்தின. நூலறிவின்மீது அவருக்கு வெறுப்பில்லை. வாழ்வைத் தொடாத நூலறிவு வாழ்வை உயர்த்தாது என்பதே அவர் கண்ட முடிவு. எந்த மக்களுக்குக் கற்பிக்கின்றோமோ அம்மக்களின் தேவையை நேரில் அறிந்த பின்னரே பாடத்திட்டம் வகுக்க வேண்டும் என்னும் கொள்கை இப்பயணத்திலேயே உருவாயிற்று.

1881 ஜூலை 4ஆம் நாள், தேவாலயம் ஒன்றை ஒட்டிய பழங்குடிலில், 30 மாணவருடன் பள்ளி தொடங்கியது. மழை பெய்தால் மாணவர் ஒருவர் எழுந்து ஆசிரியருக்குக் குடை பிடிக்க வேண்டியிருந்தது. சில மாதங்களில், கைவிடப்பட்ட 100 ஏக்கர் பண்ணை ஒன்று 500 டாலருக்கு விலைக்கு வந்தது. ஹாம்ப்டனின் பொருளாளர் மார்ஷல், தம் சொந்தப் பணத்திலிருந்து 250 டாலர் கடனாக அளித்தார். உடன் பணியாற்றிய ஒலிவியா டேவிட்சன் வீடு வீடாகச் சென்று நிதி திரட்டினார். பண்ணையின் குதிரைக் கொட்டிலும் கோழிக்கூடும் வகுப்பறைகள் ஆயின.

காட்டைத் திருத்திப் பயிரிட மாணவர் முதலில் முன்வரவில்லை. அவர்களுட் பலர் ஏற்கெனவே ஆசிரியப் பணி செய்தவர்கள்; மண்வெட்டிக்கும் கல்விக்கும் தொடர்பில்லை என எண்ணியவர்கள். வாஷிங்டன் அறிவுரை கூறிக்கொண்டிராமல், தாமே கோடரியைத் தோளில் சுமந்து நாள்தோறும் காட்டிற்கு நடந்தார். தலைமையாசிரியர் மரம் வெட்டுவதைக் கண்ட மாணவர் நாணிப் பின்தொடர்ந்தனர். இருபது ஏக்கர் திருத்தப்பட்டது.

நான்காம் சூளை

டஸ்கீகியின் வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய பகுதி செங்கற்சூளையே. பள்ளிக்குக் கட்டடம் வேண்டும். நகரிலோ செங்கல் அறுப்பார் இல்லை. ஆதலின் செங்கல்லை மாணவரே செய்வதென முடிவாயிற்று. தக்க மண்ணைத் தேடிக் கண்டு, முழங்காலளவு சேற்றில் நின்று, ஏறத்தாழ 25,000 கற்களை அறுத்து முதற்சூளை வைத்தனர். கற்கள் சரிவர வேகவில்லை. இரண்டாம் சூளையும் வீணாயிற்று. மூன்றாம் சூளை ஒரு வாரம் எரிந்து முடியும் தறுவாயில் நள்ளிரவில் சரிந்து வீழ்ந்தது. பணமும் தீர்ந்தது, ஆசிரியர் பலர் கைவிட்டுவிடலாம் என்றனர். வாஷிங்டன் தம் கடிகாரத்தை மாண்ட்கோமரி நகரில் 15 டாலருக்கு அடகு வைத்து, அப்பணத்தில் நான்காம் சூளையை மூட்டினார். அது வெற்றி தந்தது. அடகு வைத்த கடிகாரத்தை அவரால் மீட்க இயலாமற்போயிற்று.

அந்நான்காம் சூளையின் பயன் கட்டடத்தோடு நிற்கவில்லை. கற்கள் தரமாக இருப்பதை அறிந்த அக்கம்பக்கத்து வெள்ளையர் அவற்றை வாங்க வந்தனர். கறுப்பினத்தார்க்குக் கல்வி தந்தால் அவர்கள் வேலைக்கு உதவார் எனக் கருதியிருந்தோர், அக்கல்வியால் ஊருக்கே ஒரு பொருள் கிடைப்பதைக் கண்டனர். தேவையும் திறமையும் சந்திக்குமிடத்தில் வெறுப்பும் சற்றே தளர்ந்தது. இத்தொழிலைக் கற்ற மாணவர் தென்மாநிலங்கள் பலவற்றிற்கும் சென்று பிழைத்தனர். வண்டி செய்தல், தச்சு, கொல்லு, அச்சு, சேணம் தைத்தல், பால்பண்ணை எனத் தொழில்கள் விரிந்தன. மகளிர் தையல், சமையல், சலவை முதலியவற்றையும் பின்னர்ச் செவிலியர் பணியையும் பயின்றனர். 1900ஆம் ஆண்டளவில் அங்கிருந்த 40 கட்டடங்களில் நான்கு தவிர ஏனைய யாவும் பெரும்பாலும் மாணவர் உழைப்பால் எழுந்தவை.

பெற்றோர் சிலர் இம்முறையை எதிர்த்தனர். தம் மக்கள் வேலை செய்யவா பள்ளிக்கு வந்தனர் என்று கேட்டுக் கடிதம் எழுதினர். தடித்த புத்தகங்களும் நீண்ட பெயருடைய பாடங்களுமே கல்வி என்று அவர்கள் எண்ணினர். வாஷிங்டன் அவர்களை நேரில் கண்டு விளக்கினார். சில ஆண்டுகளில் எதிர்ப்பு அடங்கியது. சேர விழைவோர் எண்ணிக்கையோ கூடிக்கொண்டே சென்றது.

மொழியும் ஒரு தொழிற்கருவி

டஸ்கீகியில் கைத்தொழில் மட்டுமே கற்பிக்கப்பட்டது எனக் கருதுவது பொருந்தாது. பகற்பள்ளி, இரவுப்பள்ளி ஆகிய இரண்டிலும் மொழியும் கணக்கும் வரலாறும் இடம்பெற்றன. ஆனால் அவை பட்டறையோடு இணைக்கப்பட்டன. தச்சு பயில்வோர் தாம் அளந்த மரத்தைக் கொண்டே கணக்குச் செய்தனர். கட்டுரை வகுப்பில் தாம் செய்த வேலையையே மாணவர் விரித்து எழுதினர். செய்ததைச் சொல்லவும், சொன்னதைத் தெளிவாக எழுதவும் பழகியவர்க்கு முதலாளியிடம் பேசுவதும், வாடிக்கையாளரிடம் கணக்குக் காட்டுவதும் எளிதாயின. ஞாயிறு மாலைகளில் வாஷிங்டன் மாணவரிடையே வாழ்வியல் உரைகள் நிகழ்த்துவார். அவை 1902ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தன. தமிழ் பயிலும் நம் மாணவர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். தெளிவாக எழுதுதல், அஞ்சாது பேசுதல், பிறர் கூற்றைச் செவிமடுத்துப் பொருள் உணர்தல் ஆகியன மொழித்துறை தரும் செல்வங்கள். அவற்றை ஏதேனும் ஒரு பணியோடு பொருத்திக் காட்டத் தவறும்போதே, இலக்கியக் கல்வி பயனற்றது என்னும் பழி எழுகின்றது.

தொழிலறிவுக்கு மேலாக வாஷிங்டன் வற்புறுத்தியது பழக்கவழக்கங்களையே. பல்துலக்கி இல்லாமல் வரும் மாணவர் சேர்க்கப்படுவதில்லை என்னும் விதி அங்கு நாடறிந்த ஒன்றாயிற்று. அறிமுகப் பொருளாகப் பல்துலக்கி ஒன்றை மட்டுமே ஏந்தி வந்த மாணவரும் உண்டு. உடையில் பொத்தான் அறுந்திருத்தலும் கறை படிந்திருத்தலும் குற்றமாகக் கருதப்பட்டன. இவை அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் வேலை தருவோர் சான்றிதழைப் பிரிக்குமுன் காண்பது வந்து நிற்கும் ஆளையே. வேலையில் நிலைக்கச் செய்வது நேரந்தவறாமையும் பொறுப்புணர்வுமே.

சிறந்த ஆசிரியர்களை அழைத்துக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலை பயின்று தேறிய முதற் கறுப்பினத்தவரான ராபர்ட் டெய்லர் 1892ஆம் ஆண்டிலும், வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896ஆம் ஆண்டிலும் வந்து சேர்ந்தனர். கல்லூரிக்கு வர இயலாதவரிடம் கல்லூரியே செல்ல வேண்டும் என்னும் கருத்தில், 1892 முதல் உழவர் மாநாடுகள் கூட்டப்பட்டன. 1906ஆம் ஆண்டில் வேளாண் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிய வண்டி ஒன்று சிற்றூர்தோறும் அனுப்பப்பட்டது. படித்தவர் பணி தேடுவதோடு நில்லாமல் தொழில் தொடங்கவும் வேண்டும் என்று, 1900ஆம் ஆண்டில் கறுப்பின வணிகர்க்கான தேசிய அமைப்பு ஒன்றையும் அவர் நிறுவினார்.

புகழும் எதிர்ப்பும்

1895ஆம் ஆண்டில் அட்லாண்டா பொருட்காட்சியில் ஆற்றிய உரை அவரை நாடறியச் செய்தது. கறுப்பின மக்கள் தாம் வாழும் மண்ணிலேயே தொழிலால் உயர வேண்டும். உரிமைகள் அவ்வுயர்வின் வழியே வந்து சேரும். சமூக வாழ்வில் இரு இனத்தாரும் தனித்தனியே இருக்கலாம் என்னும் கருத்துகளை அவர் அங்கு உரைத்தார். 1896ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் அளித்தது. 1901ஆம் ஆண்டில் 'அப் ஃப்ரம் ஸ்லேவரி' என்னும் தன்வரலாறு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரை வெள்ளை மாளிகையில் விருந்துக்கு அழைத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்த காந்தியடிகள், தம் 'இந்தியன் ஒப்பினியன்' இதழில் 1903ஆம் ஆண்டிலேயே இவரைப் போற்றி எழுதியுள்ளார்.

ஆயினும் அதே 1903ஆம் ஆண்டில், கறுப்பின அறிஞர் டுபாய்ஸ் தம் நூலொன்றில் வாஷிங்டனின் கொள்கையை வன்மையாக மறுத்தார். வாக்குரிமை, குடியுரிமைச் சமத்துவம், உயர்கல்வி ஆகிய மூன்றையும் விட்டுக்கொடுத்துவிட்டுத் தொழிற்பயிற்சியை மட்டும் பற்றிக்கொண்டால் உழைப்பின் பயனைக் காக்கவும் இயலாது என்பது அவர் வாதம். டஸ்கீகியில் கற்பிக்கும் ஆசிரியர்களே உயர்கல்விக் கூடங்களில் பயின்றவர்கள்தாம் என்பதையும் அவர் சுட்டினார். காலம் இவ்வாதத்திற்கு வலுச் சேர்த்தது. 1896ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இனப்பிரிவினைச் சட்டங்களை ஏற்றது. 1901ஆம் ஆண்டின் அலபாமா அரசியலமைப்பு, கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. திறமை மிக்க தொழிலாளிக்கும் வெள்ளையர் சங்கங்கள் பல கதவடைத்தன. தம்மை எதிர்த்த இதழ்களை அடக்க வாஷிங்டன் தம் செல்வாக்கைப் பயன்படுத்தினார் என்பதும் வரலாற்றில் பதிவாகியுள்ள உண்மை.

மற்றோர் உண்மையும் உண்டு. வாக்குரிமைப் பறிப்பையும் கடனுக்காகத் தொழிலாளியைக் கட்டிவைக்கும் கொடுமையையும் எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு அவர் மறைவாகப் பொருளுதவி செய்து வந்தார். அவருடைய கடிதங்களை அறிஞர்கள் ஆய்ந்த பின்னரே, அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்து, இது முழுமையாக வெளிப்பட்டது. வெளியில் பணிவும் உள்ளே போராட்டமுமாக வாழ்ந்த அம்மனிதரை ஒரே சொல்லால் புகழ்ந்துவிடவும் இயலாது; பழித்துவிடவும் இயலாது. திறமையின்றி உரிமை பயன் தருவது அரிது; உரிமையின்றித் திறமை நிலைபெறுவதும் அரிது. வாஷிங்டனையும் டுபாய்சையும் ஒருசேரப் படிப்போர்க்கே இவ்வுண்மை முழுமையாகப் புலனாகும்.

இறுதிக் காலம்

வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டுடன் இணைந்து, சிற்றூர்களில் கறுப்பினச் சிறார்க்குப் பள்ளிகள் கட்டும் திட்டத்தை 1912ஆம் ஆண்டு தொடங்கி வாஷிங்டன் உருவாக்கினார். ரோசன்வால்டு ஒரு பங்கு தர, ஊரார் தம் பணமும் உழைப்பும் சேர்க்க, 1932ஆம் ஆண்டிற்குள் 15 மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழுந்தன. அவற்றின் பெருக்கத்தைக் காண அவர் இருக்கவில்லை. ஓய்வறியா உழைப்பால் உடல்நலம் குன்றி, 1915 நவம்பர் 14ஆம் நாள், 59 வயதில் டஸ்கீகியில் அவர் உயிர் நீத்தார். 30 மாணவருடன் தொடங்கிய பள்ளி அன்று ஏறத்தாழ 1,500 மாணவரும் 100க்கு மேற்பட்ட கட்டடங்களும் உடையதாய் விளங்கியது. 1985ஆம் ஆண்டில் அது பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது.

மாணவர் எழுப்பிய செங்கற் கல்லறையில், அவ்வளாகத்திலேயே அவர் துயில்கின்றார். 1946ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அரை டாலர் நாணயம் ஒன்றை வெளியிட்டது. அந்நாட்டு நாணயத்தில் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஒரு காலத்தில் 400 டாலர் எனப் பண்ணைப் பட்டியலில் விலை குறிக்கப்பட்ட சிறுவனின் முகம், அந்நாட்டுப் பணத்தின் மீதே பொறிக்கப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வாழ்விலிருந்து மாணவர் கொள்ளத்தக்கது, தொடங்கும் வேலை எத்துணைச் சிறிதாயினும் அதனைக் குறையறச் செய்து பழகுதல். துடைப்பத்தை மூன்று முறை எடுத்த கைக்கே சேர்க்கை கிடைத்தது. ஆசிரியர் கொள்ளத்தக்கது, பாடத்தை வகுக்குமுன் மாணவர் வாழும் ஊரின் தேவையை நடந்து சென்று காணுதலும், கற்பிப்பதைத் தாமே செய்து காட்டுதலும் ஆம். சமுதாயப் பெரியோர் கொள்ளத்தக்கது, பட்டம் பெற்ற பிள்ளையைக் குறைகூறுமுன் அவன் பழகுவதற்கு ஒரு பட்டறையையோ, கடையையோ, அலுவலகத்தையோ விடுமுறை நாட்களிலேனும் திறந்துவிடுதல். மால்டன் மக்கள் தம் கூலியிலிருந்து ஆசிரியருக்கு ஊதியம் அளித்தனர்; மார்ஷல் தம் கைப்பணத்தை நிலத்திற்குக் கடன் கொடுத்தார். இத்தகையோர் இல்லாதிருந்தால் புக்கரின் முயற்சி எத்துணைப் பெரிதாயினும் முளைத்திராது.

வேலையின்மைக்கு முழுப் பொறுப்பையும் இளைஞர் தலைமேல் சுமத்துவது அறமாகாது. வாய்ப்பை மறுக்கும் கதவுகள் எங்கும் உள்ளன. அவற்றைத் திறக்கக் கேட்பதும் வேண்டும். திறக்கும் நாளில் உள்ளே சென்று நிற்கத் தகுதியும் வேண்டும். மூன்று சூளைகள் வீணான பின்னும் நான்காவதை மூட்டிய உறுதி அத்தகுதிக்கு அடித்தளமாகும். நம் துறை மாணவர் நூலறிவோடு ஒரு கைத்திறனையும், கைத்திறனோடு நல்ல மொழித்திறனையும் சேர்த்துக்கொண்டு வெளியேறுவாராயின், இத்தனை படித்து என்ன பயன் என்னும் வினாவிற்கு அவர்தம் வாழ்வே விடை கூறும்.